சீஸ்கேக்குக்கு ஏற்ற பாத்திரம்

க்ரீம் சீஸ் விலை கொஞ்சநஞ்சமல்ல. 9 அங்குல சீஸ்கேக் ஒன்றுக்கே முக்கால் கிலோ அளவுக்குத் தேவைப்படும். அத்தனையும் போட்டுச் செய்த பிறகு நடுவில் பிளந்து, அடியில் நசநசத்துப் போனால் வயிறு எரியும். செய்முறையில் பிழை தேடுவதற்கு முன் பாத்திரத்தைப் பாருங்கள்.

சாதா கேக்கைத் தட்டில் கவிழ்த்து எடுத்துவிடலாம். சீஸ்கேக்கைக் கவிழ்த்தால் மேற்பரப்பு சிதைந்துவிடும். அதற்காகவே வந்தது ஸ்பிரிங்ஃபார்ம் பேன். சுற்றுச்சுவர் தனி, அடித்தட்டு தனி; பக்கத்தில் ஒரு கொக்கி. கொக்கியைத் தளர்த்தினால் சுவர் விலகிவிடும், கேக் தட்டின் மேல் அப்படியே நிற்கும். வாங்கி வந்ததும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓரிரு சொட்டு கசிவது சகஜம். ஒழுகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிறமும் முக்கியம். கறுப்பு நான்ஸ்டிக் வெப்பத்தை அதிகமாக உறிஞ்சும். நடுப்பகுதி வேகுமுன் ஓரம் முறுகிவிடும். ஓடிஜி அடுப்பில் சூட்டுக் கம்பிகள் பாத்திரத்துக்கு நெருக்கமாக இருப்பதால் இது இன்னும் வேகமாக நடக்கும். என் தேர்வு வெளிர்நிற அனோடைஸ்டு அலுமினியம். கையில் இருப்பது கறுப்புதான் என்றால் சூட்டை 15 டிகிரி குறைத்து வையுங்கள். கண்ணாடிப் பாத்திரம் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். வெளியே எடுத்த பிறகும் கேக் உள்ளே வெந்துகொண்டே இருக்கும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 7 அங்குலம் தாராளம், உயரம் 3 அங்குலம் இருக்கட்டும். வெளிநாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் 9 அங்குலத்துக்கு எழுதப்பட்டவை. பரப்பளவை ஒப்பிட்டால், ஏழேழு 49, ஒன்பதொன்பது 81. ஆகவே பொருள்கள் ஐந்தில் மூன்று பங்கு போதும். 5 முட்டை என்றிருந்தால் 3 முட்டை.

இனி வாட்டர் பாத், அதாவது பாத்திரத்தை வெந்நீர்த் தட்டில் வைத்து வேகவைப்பது. சீஸ்கேக்கில் மாவு இருக்காது, அல்லது பேருக்குத்தான் இருக்கும். கேரமல் புட்டிங்கைப் போல இதையும் இறுக வைப்பது முட்டைதான். முட்டைக்குச் சூடு மிஞ்சினால் அது திரிந்து, சுருங்கி, பிளந்துவிடும். அடுப்பு 160 டிகிரியில் இருந்தாலும் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. பாத்திரத்தைச் சுற்றி வெந்நீர் நின்றால் ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒரே சீராக வேகும்.

சிக்கல், கழற்றி மாட்டும் பாத்திரத்தைத் தண்ணீரில் வைப்பதில்தான். ஃபாயில் சுற்றச் சொல்வார்கள். வீட்டு ஃபாயில் மெல்லியது; ஊசிமுனை அளவு கிழிந்தாலும் தண்ணீர் உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றித் தேங்கி, பிஸ்கட் அடித்தளத்தைக் கூழாக்கிவிடும். அதைவிட நல்ல வழி இருக்கிறது. 7 அங்குல ஸ்பிரிங்ஃபார்மை 8 அங்குல சாதா கேக் டின்னுக்குள் இறக்குங்கள். டின்னை வெந்நீர்த் தட்டில் வையுங்கள். இடையில் இருக்கும் காற்றால் வேகக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. டின்னில் மூட்டு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பக்கங்களில் வெண்ணெய் தடவ மறக்கவேண்டாம். ஆறும்போது கேக் சுருங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டால் நடுவில் விரிசல் விடும். வெந்துவிட்டதா என்று பார்க்க, தட்டை லேசாக அசைத்தால் ஓரம் நின்று, நடுவில் மட்டும் தளதளவென்று ஆடவேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 65 டிகிரி. அப்போதே வெளியே எடுத்து, மெல்லிய கத்தியால் ஓரத்தைச் சுற்றி விடுவித்துவிடுங்கள். கொக்கியை மட்டும் தொடவேண்டாம். ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்த பிறகு திறக்கலாம். அடித்தட்டில் விளிம்பு மேலெழுந்து இருந்தால், கலவையை ஊற்றுமுன்பே தட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடுங்கள். பிறகு கேக்கைப் பரிமாறும் தட்டுக்குத் தடையின்றி நகர்த்தலாம். அடித்தட்டின் மேல் வைத்து வெட்டினால் பூச்சு கீறும், இரும்புத் தட்டானால் கீறிய இடத்தில் துரு ஏறும்.

புதுப் பாத்திரத்துக்குச் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு ஸ்பெயின் வழி காட்டுகிறது. சான் செபாஸ்டியன் நகரின் லா வின்யா உணவகத்தில் சாந்தியாகோ ரிவேரா உருவாக்கிய பாஸ்க் சீஸ்கேக்குக்குப் பிஸ்கட் அடித்தளமும் இல்லை, வாட்டர் பாத்தும் இல்லை. அடுப்பு 200 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மேற்புறம் கருகுவதுதான் அதன் ருசி. வீட்டில் உள்ள கேக் டின்னே போதும். பட்டர் பேப்பரைக் கசக்கி விரித்து, விளிம்புக்கு மேல் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி போடுங்கள். கேக் டின்னைத் தாண்டி எழும்பி, ஆறும்போது தணியும். நன்றாக ஆறியதும் காகிதத்தின் இரு பக்கத்தையும் பிடித்துத் தூக்கினால் கேக் வெளியே வந்துவிடும்.