சத்தம் குறைந்தால் ஏன் சுடுவதை நிறுத்த வேண்டும்?

துப்பாக்கியில் பெரிய சத்தம் வழக்கமானது. பயப்பட வேண்டியது சின்னச் சத்தத்துக்குத்தான். ஏன்?

கைத்துப்பாக்கித் தோட்டாவில் பித்தளை உறை, அதன் அடியில் ப்ரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. துப்பாக்கியின் ஊசி குத்தியதும் ப்ரைமர் தீப்பொறி கக்கி மருந்தைப் பற்றவைக்கும். 9 மி.மீ. தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை ஏறலாம்.

தொழிற்சாலை இயந்திரம் ஒரு தோட்டாவில் மருந்தே போடாமல் விட்டால்? ப்ரைமரின் விசை மட்டுமே குண்டை உறையிலிருந்து தள்ளிவிடும். குழலைத் தாண்ட அது போதாது. குண்டு பாதி வழியில் சிக்கும். ‘டப்’பென்று மந்தமான ஒலி, உதைப்பு குறைவு. அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் கூடும்.

சத்தமே வராவிட்டாலும் அவசரம் கூடாது. மருந்து தாமதமாகப் பற்றலாம். குழலை ஆபத்தில்லாத திசையில் வைத்து 30 விநாடியாவது காத்திருக்க வேண்டும்.

அப்புறம் பழுதான தோட்டா பற்றிய புகார். அமெரிக்காவில் பொம்மை பழுதென்றால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிடும். தோட்டா விஷயத்தில் அதற்குச் சட்டப்படி அதிகாரமில்லை. வேடிக்கைதான்! திரும்பப் பெறுவது பெரும்பாலும் தயாரிப்பாளரின் முடிவு. அவர்கள் முதலில் கேட்பது பெட்டியில் அச்சிட்ட லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணை. பழுது ஒரே லாட்டில் பலவற்றில் இருக்கக்கூடும். மாதிரியைத் தபாலில் போட முடியாது, அமெரிக்க அஞ்சல் துறை தோட்டாவை ஏற்பதில்லை. எப்படி அனுப்புவதென்று நிறுவனத்தையே கேட்க வேண்டும். தோட்டா தீரும்வரை பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.