விதைநெல் அறையும் சுண்ணாம்புச் சுவரும்

அடுத்த சிறுபோகத்துக்கென வைத்த விதைநெல் மாரிகாலத்தை அறையினுள்ளே கழிக்க நேரிடுகின்றது. அக்காலத்தில் நன்கு உலர்ந்த நெல்லும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சாரீரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நீடிப்பின் பங்கசு வளரும்; முளைதிறன் குன்றும்.

மண், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவை நுண்டுளைகள் நிறைந்தவை. காற்றில் ஈரம் மிகும்போது அவை அதனை ஏற்று, காற்று உலரும்போது வெளிவிடும். எண்ணெய் வர்ணம் பூசிய சுவருக்கு இவ்வியல்பு இல்லை. சுவர் குளிரும் வேளையில் அதன்மீது நீர்த்துளிகள் படியும்.

சுண்ணாம்புக்கு வேறொரு குணமும் உண்டு. புதிதாக நீற்றிய சுண்ணாம்பின் பீ.எச். பெறுமானம் ஏறக்குறைய 12 ஆகும். இக்கடுங்காரத்தில் பற்றீரியாவும் பங்கசும் பெருகமாட்டா. எனினும், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து அது கல்சியங்காபனேற்றாக மாறுவதால், காரம் நாளடைவில் குறையும். ஆகவே ஆண்டுதோறும் வெள்ளையடித்தல் அவசியம்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. நெல்லின் ஈரப்பதன் 13 சதவீதத்தைத் தாண்டாதவாறு உலர்த்திய பின்னரே மூட்டை கட்டல் வேண்டும்.

2. சுவரிலுள்ள எண்ணெய் வர்ணத்தைச் சுரண்டி நீக்கி, மாரிக்கு முன்னர் வெள்ளையடித்து, நன்கு காயவிடல் வேண்டும். சுண்ணாம்பு கண்ணிற் படலாகாது.

3. மூட்டைகளைச் சுவரினின்றும் ஒரு முழம் விலக்கி, மரச்சட்டங்களின் மேல் அடுக்கல் வேண்டும்.

4. மழை பெய்யும்போது கதவையும் யன்னலையும் மூடி, உலர்ந்த வெயில் நாளிற் பகலில் திறந்து வைத்தல் வேண்டும்.

இவற்றுள் நான்காவதே பெரிதும் மறக்கப்படுவது. சுவர் ஈரத்தைச் சிலகாலம் தாங்கி நிற்குமேயன்றி ஒழிக்காது. காற்றோட்டத்தால் அதனை உலரவிடாவிடின், நிறைந்த சுவர் மேலும் ஈரத்தை ஏற்காது. ஒழுகுங் கூரையின் கீழ் வைத்த விதையை எச்சுவருங் காப்பாற்றாது.