விமானத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டலாமா?

புது நோட்டுக்கு லேபிள் ஒட்டுகிறீர்கள். நடுவில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொள்கிறது. நகத்தால் தேய்த்தால் பக்கத்துக்கு ஓடுகிறதே தவிர, வெளியே போக மாட்டேன் என்கிறது. சின்ன லேபிளுக்கே இந்தப் பாடு என்றால், விமானத்தின் உடம்பில் மூன்று மீட்டர் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஒட்டுகிறவர் என்ன செய்வார்?

ஆமாம், விமானத்துக்கும் ஸ்டிக்கர் உண்டு. அமெரிக்காவில் பலர் வீட்டுக் கார் ஷெட்டிலேயே சிறு விமானம் கட்டுகிறார்கள். பொம்மை இல்லை, ஏறி உட்கார்ந்து பறக்கிற விமானம்! ஆர்வி என்ற வகையில் மட்டும் 10,000-க்கும் மேல் பறந்திருக்கின்றன. ஏறும் இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்', அதாவது 'சோதனை விமானம்' என்று குறைந்தது 2 அங்குல உயரத்தில் எழுதியிருக்க வேண்டும். (படித்துவிட்டு ஏறத் தைரியம் வேண்டும்.) அந்த எழுத்துகளையும் பக்கவாட்டுக் கோடுகளையும் பலர் வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டித்தான் ஒட்டுகிறார்கள். தாளின் கனம் சுமார் 0.05 மில்லிமீட்டர். பலருடைய தலைமுடியைவிட மெல்லியது.

குமிழிக்கு அவர்கள் கண்ட வழி வேடிக்கையானது. ஒட்ட வேண்டிய இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிடுகிறார்கள். ஒட்டுகிற பசைக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் நிற்பதால் பசை உடனே பிடிப்பதில்லை. ஸ்டிக்கர் வழுக்கும், நகர்த்தி நேராக்கலாம். சரியாக வந்ததும், நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிளாஸ்டிக் தகட்டால் வழிக்கிறார்கள். தண்ணீர் போகும்போது காற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. மிச்ச ஈரம் மெல்லக் காய, பசை இறுகுகிறது.

அடுத்த எதிரி காற்று. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, லேசாகத் தூக்கிய ஓரம் ஒன்று கிடைத்தால் போதும், காற்று உரித்துவிடும். ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருக்கிறதல்லவா? அதேபோல, இரண்டு ஸ்டிக்கர் துண்டுகள் சேரும் இடத்தில் முன்துண்டின் விளிம்பு பின்துண்டின் மேல் படியும்படி ஒட்டுகிறார்கள்.

நிறத்திலும் இஷ்டம்போல் விளையாட முடியாது. பர்ட் ரூட்டன் என்பவர் வடிவமைத்த லாங்-ஈசி போன்ற விமானங்கள் கண்ணாடி இழை, நுரை, எபாக்சி பிசின் ஆகியவற்றால் ஆனவை. அவை பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். வெயிலில் நின்ற பைக்கின் கறுப்பு சீட்டில் உட்கார்ந்து துள்ளியிருக்கிறீர்களா? கறுப்பு அவ்வளவு வெப்பத்தை வாங்கும். சூடு ஏறினால் பிசின் இளகி, இறக்கை வலுவிழக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், விமானத்தின் பக்கவாட்டில் உள்ள குட்டித் துளைகள். வெளிக்காற்றின் அழுத்தத்தை இவை வழியாக அறிந்துதான் உயரமானி உயரத்தைக் காட்டுகிறது. 1996-ல் பெரு நாட்டில் ஒரு பயணிகள் விமானத்தைச் சுத்தம் செய்தவர்கள், இந்தத் துளைகளை மூடிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். இரவில் கிளம்பிய விமானத்தில் கருவிகள் உயரத்தையும் வேகத்தையும் தாறுமாறாகக் காட்டின. விமானம் கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். அழகான கோடு அந்தத் துளை வழியே போனால், கோட்டைத்தான் வெட்ட வேண்டும்.

சைக்கிளுக்கு பிளாஸ்டிக் ஸ்டிக்கர் வாங்கினால் சோப்புத் தண்ணீர் வித்தையைச் செய்து பாருங்கள். நோட்டு லேபிளில் மட்டும் வேண்டாம். அது காகிதம், ஊறிக் கிழிந்துவிடும்.