டிராக் பைக்குக்கு மூடிய ட்ரெய்லர்: வாங்கலாமா, குட்டியானையே போதுமா?

இரவு பதினொன்றரை மணிக்கு என் சித்தி பையனிடமிருந்து ஒரு வீடியோ லிங்க். கீழே ஒரே வரி: "அண்ணா, 3 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், 36 மாசம். எடுக்கலாமா?"

வீடியோவில் ஒரு அமெரிக்கர் தன் மூடிய ட்ரெய்லரைச் சுற்றிக் காட்டுகிறார். உள்ளே இரண்டு பைக், டூல் கேபினெட், டயர் ரேக், எல்இடி விளக்கு, ஓய்வெடுக்க மடக்குக் கட்டில். பார்த்தால் எனக்கே ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பையனுக்கு வயசு 27. பெங்களூரில் வேலை, கைக்கு 85,000 ரூபாய். டிராக்குக்கு என்றே செகண்ட் ஹேண்டில் ஒரு ஆர்சி 390 வைத்திருக்கிறான். வருஷத்துக்கு ஆறு தடவை இருங்காட்டுக்கோட்டை போவான். 1990-இல் திறந்த அந்த 3.7 கிலோமீட்டர் டிராக் அவனுக்குக் குலதெய்வக் கோயில் மாதிரி. போக வர சுமார் 600 கிலோமீட்டர்.

இந்த லோன் யோசனை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். போன தடவை வாடகைக் குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனபோது, கிருஷ்ணகிரி தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் கயிறு தளர்ந்து பைக் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. ஃபேரிங், லீவர், ஃபுட்பெக், டேங்க்கில் ஒரு பள்ளம். மொத்தம் 38,000 ரூபாய். அன்றைக்கு டிராக்கிலும் இறங்க முடியவில்லை, கட்டின என்ட்ரி ஃபீஸும் போச்சு. அந்தக் கோபத்தில்தான் ட்ரெய்லர் தேடுகிறான். கோபத்தில் போடுகிற பட்ஜெட்டை நான் நம்புவதில்லை. அதனால் மறுநாள் காலையில் ஒரு எக்செல் ஷீட்டோடு உட்கார்ந்தோம்.

கீழே வரும் தொகைகள் அவனுக்குக் கிடைத்த கொட்டேஷன்களையும் எங்கள் அனுமானத்தையும் வைத்துப் போட்டவை. உங்கள் ஊர், உங்கள் வண்டிக்கு மாறும். முறையை மட்டும் எடுத்துக்கோங்க.

முதலில் வாடகை. காத்திருப்புக் கூலி உள்பட ஒரு டிரிப்புக்கு 14,000 ரூபாய். டிரைவர் பக்கத்திலேயே இவனும் உட்கார்ந்து போய்விடுவதால் தனியாகப் பயணச் செலவு இல்லை. ஆறு டிரிப்புக்கு 84,000.

இப்போது ட்ரெய்லர். லோக்கல் ஃபேப்ரிகேட்டரிடம் அடிப்பது, காரில் ஹிட்ச் பொருத்துவது, பதிவு எல்லாம் சேர்த்து 3 லட்சம். ஐந்து வருஷம் கழித்து 1,20,000-க்கு விற்கும் என்று வைத்துக்கொண்டோம். அதுவே தாராளமான கணக்கு. இதை வாங்க ஆள் ரொம்பக் குறைவு. ஆக, வருஷத் தேய்மானம் 36,000. அடுத்தது, இதில் முடங்கும் பணம். சராசரியாக 2,10,000 ரூபாய் ஐந்து வருஷமும் உள்ளே கிடக்கும். எஃப்டியில் 7 சதவீதம் என்று வைத்தாலும் வருஷத்துக்குச் சுமார் 15,000 போச்சு. டயர், பேரிங், இன்ஷூரன்ஸுக்கு 12,000.

"நிறுத்துற இடத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். பையன் முழித்தான். அபார்ட்மென்ட்டில் ஒரு காருக்குத்தான் இடம். பன்னிரண்டு அடிப் பெட்டியைத் தெருவில் விட முடியாது. விசாரித்ததில் மாதம் 1,500-க்கு ஒரு காலி மனை கிடைத்தது. வருஷத்துக்கு 18,000.

கூட்டினால் 81,000. வண்டி ஒரு அடி நகராமலே ஆகும் செலவு இது. இதுக்கு மேலே டிரிப்புக்கு டீசல், டோல் 8,000. மூடிய பெட்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டியிருப்பதால் மைலேஜ் நன்றாகவே அடிவாங்கும். ஆறு டிரிப்புக்கு மொத்தம் 1,29,000. ஒரு டிரிப்புக்கு 21,500. வாடகைக்கு 14,000.

அப்போ எத்தனை டிரிப் போனால் சமமாகும்? ஒவ்வொரு டிரிப்பிலும் மிச்சம் 14,000-லிருந்து 8,000 போக 6,000. 81,000-ஐ 6,000-ஆல் வகுத்தால் 13.5. அதாவது வருஷத்துக்குப் பதினான்கு தடவை. ஐடி கம்பெனியில் லீவு வாங்கத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்க.

இது சொந்தக் காசில் வாங்கினால் வரும் கணக்கு. லோன் எடுத்தால் இஎம்ஐ 10,253. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் சுமார் 69,000. அவனிடம் எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தது 1,10,000. வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, இந்த இஎம்ஐ எல்லாம் சேர்த்தால் வேலை போனால் இரண்டு மாசம்கூடத் தாங்காது. எனக்குப் பயம் இருந்தது இங்கேதான். சம்பளக்காரருக்கு வரியிலும் இதில் ஆறுதல் கிடையாது. பிசினஸ் செய்பவர் மாதிரி தேய்மானமோ வட்டியோ சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. சொந்த உபயோகப் பொருள் என்பதால் நஷ்டத்துக்கு விற்றாலும் அந்த நஷ்டத்தை எதிலும் ஈடு செய்ய முடியாது.

அவன் விடவில்லை. "மூணு பேர் சேர்ந்து வாங்கினா?" நல்ல கேள்வி, கணக்கும் மாறுகிறது. குட்டியானையில் இரண்டு பைக்தான் நெருக்கி நிற்கும். மூன்றுக்கு இரண்டு வண்டி, 28,000. ட்ரெய்லரில் அதே 8,000. டிரிப்புக்கு மிச்சம் 20,000. நான்கு டிரிப்பிலேயே கிட்டத்தட்ட சமம், ஆறு டிரிப்பில் ஆளுக்கு 56,000-க்குப் பதில் 43,000. காகிதத்தில் ஜெயித்துவிட்டான்.

ஆனால் எடையைப் பார்க்கணும். வண்டி ஒன்று சுமார் 170 கிலோ, மூன்றுக்கு 510. டூல்ஸ், டயர், ஸ்டாண்டு, ஹெல்மெட், தண்ணீர் கேன் என்று இன்னொரு 90. காலிப் பெட்டி 600 கிலோ என்றால் மொத்தம் 1,200 கிலோ. ட்ரெய்லர் ஆடாமல் நேராக வர அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் உட்கார வேண்டும். அதாவது 120 முதல் 180 கிலோ காரின் பின்பக்கம் அழுத்தும். எடை பின்னால் போய்விட்டால் நெடுஞ்சாலையில் வால் ஆட்ட ஆரம்பிக்கும், அப்புறம் கார் உங்கள் பேச்சைக் கேட்காது. இவன் ஓட்டுவது ஹேட்ச்பேக். கம்பெனி மேனுவலில் இழுக்கும் திறன் எவ்வளவு என்று பார், அப்படி ஒரு எண்ணே இல்லையென்றால் ஹிட்ச் பக்கமே போகாதே என்றேன். தகுந்த எஸ்யூவியும், தனி பிரேக் உள்ள ட்ரெய்லரும் இல்லாமல் மூன்று பைக் என்பது கணக்கு அல்ல, ஆபத்து.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி ட்ரெய்லரும் பதிவு செய்யவேண்டிய வாகனம்தான். வெல்டிங் கடையில் அடித்து நேராக ஹைவேயில் இழுத்துப் போக முடியாது. ஆர்டிஓ-வில் பதிவு ஆகுமா, என்னென்ன காகிதம் தருவார் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஃபேப்ரிகேட்டரிடம் எழுத்தில் வாங்குங்க. கார் பாலிசியில் ட்ரெய்லரைக் காட்டி எண்டார்ஸ்மென்ட் வேண்டும். அதோடு தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும், சொந்த லக்கேஜ் தவிர்த்த சரக்கு ஏற்றுவதும் பொதுவாக விலக்கு. பிரெண்ட்ஸ் பைக்கை ஏற்றி டிரிப்புக்கு இவ்வளவு என்று காசு வாங்கினால் க்ளெய்ம் சமயத்தில் கேள்வி வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டுப் பதிலைச் சேமித்து வைங்க.

இன்ஷூரன்ஸ் பேச்சு வந்ததும்தான் உண்மையான ஓட்டை தெரிந்தது. "அந்த 38,000-க்கு க்ளெய்ம் போட்டியா?" "இல்லண்ணா, தேர்ட் பார்ட்டி மட்டும்தான். டிராக் வண்டிதானே?"

இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள். டூவீலர் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை எல்லாம் விலக்கு. டிராக்கில் விழுந்தால் காசு வராது. ஆனால் முழு பாலிசியில் சொந்தச் சேதப் பகுதியின் வழக்கமான வாசகத்தில், சாலை வழியாகவோ ரயிலிலோ வண்டியைக் கொண்டு செல்லும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். அதாவது குட்டியானைக்குள் சாய்ந்த பைக்குக்கு க்ளெய்ம் கேட்டிருக்கலாம். பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், மாட்டியிருக்கும் மாற்றங்களை முன்பே தெரிவித்திருக்க வேண்டும், அதெல்லாம் உண்டு. இருந்தாலும் முழுத்தொகையும் இவன் கையை விட்டுப் போயிருக்காது. லோடு வண்டியின் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீங்க. அதில் கட்டாயமானது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், ஏற்றிய சரக்குக்கு வரும் சேதம் அதில் சேராது.

கையோடு ஹெல்த் பாலிசியையும் பாருங்க. ஐஆர்டிஏஐ-இன் வழக்கமான விலக்கு வாசகம் மோட்டார் ரேஸிங் போன்ற சாகச விளையாட்டில் "தொழில்முறையாக" பங்கேற்பதைத்தான் குறிப்பிடுகிறது. உங்கள் ஆபீஸ் குரூப் பாலிசியில் அந்தச் சொல் இருக்கிறதா, இல்லை மொத்தமாகவே விலக்கா என்று ஹெச்ஆரிடம் கேளுங்க. பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசிகள் பலவும் ரேஸ் விஷயத்தில் இதைவிடக் கறார்.

கடைசியில் என்ன செய்தான்? லோன் எடுக்கவில்லை. முன்சக்கரத்தைக் கவ்வும் வீல் சாக் ஒன்று, நல்ல ராட்செட் ஸ்ட்ராப் நான்கு, ஸ்ட்ராப்பைப் பிடிக்க மெத்தென்ற லூப்கள், எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். ஹேண்டில்பாரில் கயிறு கட்டுவதை நிறுத்தி ட்ரிபிள் கிளாம்ப்பில் கட்டுகிறான், ஃபோர்க்கைப் பாதி அமுக்கி. கிளம்பி இருபது முப்பது கிலோமீட்டரில் டீக்கு நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கிறான். இன்ஸ்பெக்‌ஷன் முடித்து முழு பாலிசி எடுத்தாச்சு. கூடவே இன்னொருத்தரைச் சேர்த்துக்கொண்டதால் வாடகையும் பாதி, 7,000.

அந்த 10,253 ரூபாயை மாதாமாதம் ஆர்டியில் போடச் சொன்னேன். 10,000-தான் போடுகிறான். மீதி 253 பிரேக் பேடுக்காம்.