கூட்டம் ஏறினாலும் தாழாத பெட்டி

அண்ணனூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஆவடியிலேயே பிதுங்கி வரும் மின்சார ரயிலில் எங்கள் ஊரிலும் கூட்டம் ஏறுகிறது. ஆனாலும் புது வண்டிகளில் பெட்டி கீழே இறங்கியதாகவே தெரியவில்லை. இதுவும் ஏஐ வேலையா?"

மின்விசிறியைக்கூட ஏஐ என்று விற்கும் காலம். சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் இங்கே வேலை பார்ப்பது ஒரு நெம்புகோல்.

புதுப் பெட்டிகள் சக்கரச் சட்டத்தின் மேல் நேரடியாக உட்காருவதில்லை. நடுவே காற்றடைத்த நான்கு ரப்பர் பைகள். பெட்டியின் அடியில் ஒரு வால்வு; அதன் கை ஒரு தண்டு வழியாகச் சக்கரச் சட்டத்தோடு இணைந்திருக்கும். ஆள் ஏறினால் பெட்டி தாழும், கை மேலே போகும், வால்வு திறந்து பைக்குள் காற்று பாயும். பெட்டி பழைய உயரத்துக்கு எழுந்ததும் வால்வு தானே மூடிக்கொள்ளும். சென்ட்ரலில் எல்லோரும் இறங்கினால், அதிகக் காற்று வெளியே போகும்.

இதில் என்ன பெரிய விஷயம்? காற்றுப் பைக்குப் பதில் சுருள்வில் இருந்தால், அது தாழ்ந்தால்தான் தாங்கும். பாரம் இருக்கும்வரை தாழ்வும் இருக்கும். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எந்திரத்தின் வேகத்தைச் சீராக வைக்கப் பொருத்திய சுழல்குண்டுக்கும் இதே நோய்: பாரம் கூடினால் வேகம் கொஞ்சம் குறைந்தே நிற்கும். நம் வால்வோ, உயரத்தில் பிழை இருக்கும்வரை காற்றைச் சேர்த்துக்கொண்டே போகிறது. பிழை மறைந்த பிறகும் சேர்ந்த காற்று பையிலேயே நின்று பாரத்தைத் தாங்குகிறது. பள்ளியில் படித்த தொகையிடலை ஒரு ரப்பர் பை செய்துகாட்டுகிறது!

ஆனால் ஓடும் வண்டி குலுங்கிக்கொண்டே இருக்குமே? ஒவ்வொரு குலுக்கலுக்கும் வால்வு திறந்தால் காற்று வீணாகும், பெட்டியும் ஊஞ்சலாடும். அதனால் வால்வைத் தாலுகா ஆபீஸ் கிளார்க் போல வடிவமைத்திருக்கிறார்கள். சின்ன மனுவுக்கு நிமிர்ந்தே பார்க்க மாட்டார். பெரிய மனுவென்றாலும் உடனே கை வைக்க மாட்டார். வந்தவர் சும்மா போகிறாரா, நிற்கிறாரா என்று பார்ப்பார். நின்றால்தான் ஃபைல் நகரும். எடுத்த ஃபைலை முடிக்காமல் வைக்க மாட்டார் என்று சொல்லும்போது உவமை உதைக்கிறது, விட்டுவிடுவோம்.

பையின் அழுத்தமே கூட்டத்தின் எடையையும் சொல்லிவிடுவதால், பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதையும் அதை வைத்தே தீர்மானிக்கலாம்.

இவ்வளவு செய்தும் பொறியாளர்கள் காற்றை முழுதாக நம்பவில்லை. ஒரு பை கிழிந்தால் பெட்டி சாயாமலிருக்க, அதன் ஜோடிப் பையின் காற்றையும் இறக்கிவிட இன்னொரு வால்வு உண்டு. அப்போது பெட்டியைத் தாங்குவதற்கென்றே ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு கெட்டி ரப்பர் வில்லை வைத்திருக்கிறார்கள்.