நாற்றங்காலிலேயே தொடங்கட்டும் விற்பனை

கடந்த மாசி மாதம் டெல்டா விவசாயி ஒருவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். கருப்புக் கவுனி அறுவடையை அவருடைய மகன் வீடியோ எடுத்து முகநூலில் போட்டிருந்தார். 'அருமை', 'வாழ்த்துகள் அண்ணா' என்று வரிசையாகப் பாராட்டுகள். "பாத்தவங்க எல்லாம் பாத்தாங்க சார், ஒரு மூட்டைகூட நகரலியே" என்றார்.

வீடியோவை நானும் பார்த்தேன். எந்த ஊர், விற்பது நெல்லா அரிசியா, கிலோ என்ன விலை, யாரை அழைக்க வேண்டும் என்ற நான்கு விவரமும் அதில் இல்லை. வாங்க நினைத்தவருக்கும் வழி தெரிந்திருக்காது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகம், சன்ன ரகம் என்ற இரண்டு விலைதான். கவுனிக்கென்று தனி விலை கிடையாது. பாரம்பரிய ரகம் பயிரிடுபவர் வாங்குபவரைத் தானே தேடியாக வேண்டும். அதற்குச் சமூக ஊடகம் செலவில்லாத நல்ல வழி. ஆனால் அறுவடை முடிந்து மூட்டை வீட்டுக்கு வந்தபின் தொடங்கினால் தாமதம்.

விதைப்பிலிருந்து படம் போடுங்கள்

கருப்புக் கவுனி ஏறக்குறைய ஐந்து மாதப் பயிர். வாரம் ஒரு படம் போதும். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, பூக்கும் பருவம், பால் பிடிக்கும் கதிர் என்று வரிசையாகப் போடுங்கள். பாரம்பரிய ரகங்கள் உயரமாக வளர்பவை. காற்று மழையில் சாயும். சாய்ந்தால் அதையும் போடுங்கள். பயிரின் நல்லது கெட்டதை ஐந்து மாதம் பார்த்தவர், அரிசி வரும்போது 'கலப்படமா?' என்று கேட்க மாட்டார்.

இருபது குடும்பம் போதும்

உங்களிடம் 600 கிலோ அரிசி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 5 கிலோ வாங்கும் 20 குடும்பங்கள் கிடைத்தால் ஆறு மாதத்தில் அத்தனையும் விற்றுவிடும். ஆயிரம் லைக் தேவையில்லை. திரும்பத் திரும்ப வாங்கும் இருபது வீடுகள்தான் தேவை.

முகநூலில் ஆள் கிடைக்கும். அவர்களைத் தக்கவைக்க வாட்ஸ்அப் உதவும். அதில் 'பிராட்காஸ்ட்' பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனவே முதல் பையிலேயே ஊர், பெயர், எண் அச்சிட்ட சிறு சீட்டைப் போட்டு, எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் படம், விலையோடு பொருள் பட்டியலும் வைக்கலாம்.

ஆர்டர் வந்தபின் அரையுங்கள்

நெல்லை 12 முதல் 13 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்து, நெல்லாகவே சேமியுங்கள். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறல் வாடை வரும், வண்டும் விழும். ஆர்டருக்கு ஏற்ப அரைத்து, அரைத்த தேதியைப் பையில் எழுதுங்கள். கவுனியை இரவே ஊறவைத்துச் சமைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஊறவைக்காமல் சமைத்துவிட்டு 'அரிசி வேகவில்லை' என்று குறை சொல்பவர்கள் உண்டு.

பாக்கெட்டில் அடைத்து விற்பதற்கு முன், உணவுப் பாதுகாப்புப் பதிவு குறித்து உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

அரிசி மருந்தல்ல

அந்த விவசாயியின் பதிவில் 'சர்க்கரை நோய் குணமாகும்' என்றொரு வரி இருந்தது. யாரோ அனுப்பியதை மகன் அப்படியே ஒட்டியிருக்கிறார். அதைப் படித்த ஓர் அம்மா மெசஞ்சரில் கேட்டிருந்தார்: "இதைச் சாப்பிட்டா மாத்திரையை நிறுத்திடலாமா தம்பி?" நல்ல வேளையாக, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று மகன் பதில் போட்டிருந்தார். அந்த அம்மா கேட்காமலே நிறுத்தியிருந்தால்?

கவுனியின் தவிட்டில் ஆந்தோசயனின் என்ற நிறமி உண்டு, தீட்டாத அரிசியில் நார்ச்சத்து கூடுதல். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உணவுப் பொருளைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்தால் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை

'மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன், முன்பணம் அனுப்ப இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்று அழைப்பு வந்தால் உடனே துண்டியுங்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் எண்ணைப் போடவோ தேவையே இல்லை. பின் எண் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வயலுக்குப் போகும்போது பயிரோடு விவசாயியின் பதிவையும் ஒருமுறை பாருங்கள். ஊர், பொருள், விலை, எண் இருக்கிறதா என்று சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அந்த விவசாயி போன வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினார். நாற்றங்காலில் கவுனி விதை தெளிக்கும் படம். கீழே ஊர்ப்பெயர், 'தீட்டாத அரிசி, தை கடைசியில் கிடைக்கும்', கிலோ விலை, செல்போன் எண். நான்கும் இருந்தன.