வானத்தில் வட்டமிட்டது பாறுவா, பருந்தா? ஒரு மங்கலான படத்தைக்கூட பறவை ஆர்வலர்கள் ஏன் விடுவதில்லை?

மொட்டை மாடியிலிருந்து செல்போனில் எடுத்த மங்கலான படம். நீல வானத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. கூடவே ஒரு கேள்வி: 'இது பிணந்தின்னிக் கழுகுதானே?' பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிப் படங்கள் அடிக்கடி வரும். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: 'இல்லை, கள்ளப்பருந்து.' கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகுமே, அதே பருந்து.

ஆனாலும் அந்தப் படத்தை யாரும் பெரிதாக்கிப் பார்க்காமல் விடுவதில்லை. ஏனென்றால், அது நிஜமாகவே பாறுவாக இருந்துவிட்டால் அது பெரிய செய்தி. (பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பறவையின் பழைய தமிழ்ப் பெயர்தான் பாறு.)

இந்தியாவில் ஒரு காலத்தில் காக்கை போல எங்கும் தென்பட்ட வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 சதவிகிதம் அழிந்துபோனது. வேட்டையாடியதால் அல்ல. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம். ஊசி போட்ட மாடு இறந்தால், அந்த இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பாறுகள் கூட்டமாக வந்து தின்பவை. எனவே ஒரு மாட்டால் ஒரு கூட்டமே போய்விடும். ஜோடிக்கு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் என்பதால் இழப்பை ஈடுகட்டவும் வழியில்லை. 2006-ல் கால்நடைகளுக்கு இந்த மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015-ல் அந்தக் குப்பியின் அளவும் 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது.

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் திருக்கழுக்குன்றம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மலைக்கோயிலில் தினமும் உச்சிவேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும் காட்சியைப் பார்த்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு அவை வரவில்லை.

அதனால்தான் சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் யாராவது 'வெள்ளையா, இறக்கை ஓரம் கறுப்பா ஒரு பெரிய பறவை' என்று சொன்னால் ஆர்வலர்களுக்கு மனசு துள்ளும். உடனே சந்தேகமும் வரும். இதே நிறத்தில் இன்னும் இரண்டு பறவைகள் இங்கே உண்டு. ஒன்று நத்தைகுத்தி நாரை. உயரத்தில் வட்டமடிக்கும்போது கழுகு போலவே தெரியும். ஆனால் கழுத்தை முன்னால் நீட்டியிருக்கும், கால்கள் வாலுக்குப் பின்னால் தொங்கும். இன்னொன்று, கடலோரத்தில் பறக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகு. இதில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். நிறம் ஒன்று, வாலின் ஆப்பு வடிவமும் ஏறக்குறைய ஒன்று. கடற்கழுகு இறக்கைகளை மேல்நோக்கித் தூக்கி வைத்து மிதக்கும், பாறு தட்டையாக விரித்து வைக்கும். போதாததற்கு, மஞ்சள்முகப் பாறுவின் குஞ்சு வளர்ந்துவரும் பருவத்தில் வெள்ளையாகவே இருக்காது, கரும்பழுப்பு!

கறுப்புப் பறவை என்றால் வாலைப் பாருங்கள். கள்ளப்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டிருக்கும், பறக்கும்போது அதை முறுக்கிக்கொண்டே இருக்கும். பாறுவின் வால் குட்டை. சிறகடிப்பது அபூர்வம். வெண்முதுகுப் பாறு என்றால் இறக்கையின் அடியில் முன்பக்கம் வெள்ளைப் பட்டை தெரியும். 'ரொம்பப் பெருசு' என்பது மட்டும் சாட்சியாகாது. வானத்தில் அளவுகோல் இல்லையே. பக்கத்தில் ஒரு காக்கை பறந்தால்தான் அளவு புரியும்.

அதற்காக, 'இங்கே அதெல்லாம் வராது' என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 2017-ல் ஒக்கி புயலுக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் சோர்ந்துபோன ஒரு பெரிய கறுப்புப் பாறு மீட்கப்பட்டது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு வலசை வரும் இனம் அது. ஒக்கி என்றே பெயர் வைத்து ஐந்து ஆண்டுகள் உதயகிரிக் கோட்டையில் பராமரித்தார்கள். 2022-ல் அது விமானம் ஏறி ஜோத்பூருக்குப் போனது. பறவைக்கு விமான டிக்கெட்!

தமிழ்நாட்டில் பாறுகளுக்கு இன்று மிச்சமிருக்கும் முக்கியமான வீடு, முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோது 2023 பிப்ரவரியில் 246 பாறுகள், அதே ஆண்டு டிசம்பரில் 320. சந்தோஷமான எண்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்தே மாதத்தில் 74 கூடுவது கடினம். தேடலும் எண்ணும் முறையும் மேம்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி.

இந்தக் காடுகளுக்கு வெளியே ஒரு பாறு தென்பட்டால், அது எங்கே இரை தேடுகிறது, அங்கே மாடுகளுக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். தவறான பதிவு அந்தத் தேடலை வேறு ஊருக்கு அலையவிடும். எனவே தெளிவில்லாத படமானாலும் எடுங்கள். நேரம், இடம், போன திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இபேர்ட் தளத்தில் அரிய பறவையைப் பதிவிட்டால், தன்னார்வலர்கள் விவரம் கேட்டு எழுதுவார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லாரையும்தான் கேட்பார்கள். உறுதியில்லை என்றால் 'ஏதோ ஒரு பாறு' என்று மட்டும் பதிவிடவும் அங்கே வசதி உண்டு.

கூட்டைப் பார்த்தால் இடத்தை ஃபேஸ்புக்கில் போடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாறு இறந்து கிடந்தால் புதைக்கவும் வேண்டாம். உடற்கூறு ஆய்வு செய்தால்தான் மருந்து காரணமா என்பது தெரியும்.

வீட்டில் மாடு வளர்ப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் ஆகியவையும் 2023-ல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டுவிட்டன. வலி ஊசி தேவைப்பட்டால் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் பற்றிக் கேளுங்கள். பாறுகளுக்குத் தீங்கில்லை என்று சோதித்து அறியப்பட்ட மருந்து அது.